பசியோடு வரும் பேய்கள்: ஈசூனில் ஒரு திகில் நாவல் எழுந்த விதம்

ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தமிழ்த் திகில் நாவலாசிரியரின் இரண்டாவது நாவல் எங்கே சிக்கியது, எப்படி மீண்டது என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். அதன் கைப்பிரதியை முதல் வடிவிலிருந்து அச்சுக்குப் போனது வரை வாசித்தவன் நான். சில அத்தியாயங்களுக்காக அவருடன் சண்டையும் போட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஏனென்றால் அவர் எழுதுகிறவர் என்பது வேலையிடத்தில் பலருக்கும் தெரியாது. நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அக்காவாகவே இருக்கட்டும்.

அக்காவின் வேலையைச் சொல்லாமல் அவருடைய எழுத்தைச் சொல்ல முடியாது. குடியிருப்புப் பேட்டைகளில் இரவு பகல் எந்த நேரமும் இயங்கும் பராமரிப்பு அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பவர் அவர். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, நடைபாதை விளக்கு எரியவில்லை என்று மக்கள் கூப்பிடுவார்கள். புளோக் எண்ணைக் குறித்துக்கொண்டு ஆளை அனுப்ப வேண்டும். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் ஆள் போய்ச் சேரும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"பயந்தவங்க கத்துவாங்கன்னு கதையில எழுதுறோம் தம்பி. நிஜத்துல ரொம்ப மரியாதையா பேசுவாங்க" என்று ஒருநாள் சொன்னார். மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் தங்களைப் பற்றிப் பேசுவதில்லையாம். அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாத்திரம், வீட்டில் சாப்பிடாமல் காத்திருக்கும் பிள்ளை, கையில் இருக்கும் பையில் உருகிக்கொண்டிருக்கும் மீன், இப்படித்தான் பேச்சு போகும். அழைத்தவர்களின் சங்கதி எதையும் அக்கா கதையில் சேர்ப்பதில்லை, அதில் மிகக் கண்டிப்பு. ஆனால் அந்தக் குரலின் பதம், பயத்தை அடக்கிக்கொண்டு சோற்றைப் பற்றிப் பேசும் அந்தத் தொனி, அவருடைய வாக்கியங்களுக்குள் வந்துவிட்டது. அதை அவரே உணர்வதற்கு இரண்டாவது நாவல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் நாவல் லிஃப்டைப் பற்றியது. முன்பெல்லாம் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடிகளிலும் நிற்காது. குறிப்பிட்ட சில மாடிகளில் இறங்கி, மேலேயோ கீழேயோ படியில் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். 2001இல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் பெரும்பாலான புளோக்குகளில் வீட்டு வாசல் மாடியிலேயே இறங்கும் வசதி வந்தது. இறந்துபோன ஒரு முதியவர் இன்னும் பழைய மாடியிலேயே இறங்கிப் படியேறி வருகிறார் என்பது அந்த நாவலின் கரு. படித்தவர்களுக்குப் பிடித்தது. சிங்கப்பூரில் குடியிருப்பவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். லிஃப்ட் கதவு திறக்கும் அந்த ஒரு நொடியைத் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, இரண்டாவது நாவலுக்கு வருவோம்.

முதல் வடிவு

புது வீட்டுக்குக் குடிவரும் ஒரு குடும்பம், அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெண்ணின் ஆவி. வெள்ளைச் சேலை, மல்லிகை வாசம், கொலுசுச் சத்தம். மூன்று வாசகர்களுக்குக் கொடுத்தோம். கல்லூரி மாணவி ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அக்காவின் மாமியார். மூவருமே பயமாக இல்லை என்றார்கள். மாணவி இன்னொன்றும் சொன்னார்: "இந்தப் பேய் ஊர்லேர்ந்து விசா வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

அந்தக் கருத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். தமிழ்த் திகில் கதையின் பொருட்கள் நமக்கு ஊரிலிருந்து வந்தவை. ஒற்றைப் பனைமரம், சுடுகாட்டுப் பாதை, பாழடைந்த பங்களா, உச்சி வெயிலில் கிணற்றடி. இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த வாசகருக்கு அவை சினிமாவில் பார்த்தவை. ஊர் மண்ணில் நிற்கிற எழுத்தாளர் எழுதினால் பயமாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஈசூனில் பன்னிரண்டாம் மாடியில் நடக்கும் கதைக்குள் அவற்றைக் கொண்டுவந்தால் ஒட்டவில்லை.

மலாய்க்காரர்களின் பொந்தியானாக்கைக் கடன் வாங்கலாமா என்று அக்கா கொஞ்ச நாள் யோசித்தார். பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி, ஃபிராஞ்சிபானிப் பூ வாசத்தோடு வருவது. 1957இல் கேத்தே கெரிஸ் பட நிறுவனம் எடுத்த பொந்தியானாக் படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர்தான். அதனால் உரிமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்குள் சமைத்த பயமாக இருக்க வேண்டும் என்றார். பேச்சுவாக்கில் சொன்ன அந்த வார்த்தையை அப்போது நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அவர் சாப்பாடு

இந்த நாவல் திருந்திய இடம் ஒரு சாப்பாட்டு மேசை என்பதால், அக்காவின் நாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப்போகிறேன்.

இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலையில் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் கோப்பி ஓ கொசோங், சர்க்கரையும் பாலும் இல்லாதது. கூடவே ஒரு பிராட்டா, சீனி தொட்டுக்கொண்டு. கோப்பியில் வேண்டாத சீனி பிராட்டாவுக்கு வேண்டுமாம். தூங்கி எழுந்தால் மதியம் பழையசோறு, சின்ன வெங்காயம், நெத்திலிச் சம்பல். அவருடைய நெத்திலிச் சம்பல் பெலாச்சான் என்ற இறால் விழுது போட்ட மலாய்ப் பாணி. பழையசோறு மாமியார் பாணி. இரண்டும் ஒரே தட்டில் எத்தனை இயல்பாகச் சேர்ந்துகொள்கின்றன என்பதைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். தேக்கா ஈரச்சந்தைக்கு ஞாயிறு காலை கணவரோடு போய் மீன் வாங்குவார். மீன் தலைக் கறி வைப்பது கணவர் பொறுப்பு. கண்ணைச் சாப்பிடும் உரிமை அக்காவுக்கு.

ஆனால் மிகப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் சூப் துலாங் என்பார். பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்துக்கு அதற்காகவே போவோம். சிங்கப்பூர் இந்திய முஸ்லிம் சமையல்காரர்கள் உருவாக்கிய உணவு இது. ஆட்டு எலும்புகளைத் தக்காளியும் மிளகாயும் சேர்த்த செக்கச்செவேல் என்ற குழம்பில் வேகவைத்துக் குவியலாகக் கொண்டுவந்து வைப்பார்கள். எலும்பைக் கையில் தூக்கித் தட்டில் தட்ட வேண்டும். உள்ளே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்ச வேண்டும், வராவிட்டால் உறிஞ்சுகுழல் போட்டு இழுக்க வேண்டும். குழம்பில் சேரும் சிவப்பு விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் பிடித்துக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவினாலும் லேசாகத் தங்கிவிடும்.

கைப்பிரதி தோற்ற வாரத்தில் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். எல்லா மேசையிலும் மனிதர்கள் எலும்பைத் தட்டிக்கொண்டும் உறிஞ்சிக்கொண்டும் இருந்தார்கள். வாயும் விரலும் சிவப்பு. அக்கா சுற்றும் பார்த்துவிட்டு, "பரணியில வர்ற கூழ் இதுதானே" என்றார்.

அவர் சொன்னது கலிங்கத்துப்பரணியை. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போரைச் செயங்கொண்டார் பாடியது. அதில் பேய்கள் பசியில் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைக்கின்றன. சமைக்கும் முன் நம் வீட்டுப் பெண்களைப்போலச் சுத்தம் பார்க்கின்றன. யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பிறகு குருட்டுப் பேய்க்கு, சூல்கொண்ட பேய்க்கு என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறுகின்றன. பள்ளியில் இதைச் சுவைக்காகப் படித்தோம். ஒரு திகில் எழுத்தாளர் கண்ணால் படித்தால், பேயைப் பற்றித் தமிழ் முதலில் கவனித்த விஷயமே அதன் பசிதான் என்று தெரிகிறது.

அன்று மேசையில் கிடைத்தது அதுதான். தமிழ்ப் பேய் பழிவாங்க வருவதற்கு முன்பே சாப்பிட வருகிறது. நாமும் அதை நம்புகிறவர்கள்தான். தீபாவளிக்கு முன், இறந்தவர்களுக்குப் படையல் போடாத குடும்பங்கள் இங்கே குறைவு. தாத்தாவுக்குப் பிடித்த ஆட்டுக்கறி, பாட்டிக்கு வெற்றிலை, சித்தப்பாவுக்கு ஒரு பாட்டில் பீர் வைத்துவிட்டு, சற்று நேரம் அறையை விட்டு வெளியே போய் நிற்கிறோம். அந்தச் சற்று நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

பக்கத்து வீட்டுச் சீனர்களும் அதையே செய்கிறார்கள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், அதாவது பேய் மாதம் வந்தால் புளோக்குக்குக் கீழே நடைபாதை ஓரம் ஆரஞ்சும் சோறும் மெழுகுவத்தியும் இருக்கும். இரும்புத் தொட்டியில் காகிதம் எரியும். கெத்தாய் என்ற பாட்டு நிகழ்ச்சிக்கு மேடை போட்டால் முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள், அவை உயிரோடு இருப்பவர்களுக்கு அல்ல. படையலை மிதிக்காமல் நடக்க வேண்டும் என்று எந்தச் சிங்கப்பூர்க் குழந்தைக்கும் தெரியும், அது எந்த இனமானாலும்.

இரண்டாம் வடிவு

அக்கா வெள்ளைச் சேலையையும் கொலுசையும் எடுத்துவிட்டார். ஆவி கடைசி வரை கண்ணில் படுவதே இல்லை. கதை முழுவதும் சமையலறைக்குள் வந்தது. இதை அவர் எப்படிச் செய்தார் என்பதில்தான் எழுதுகிறவர்களுக்குப் பயன் இருக்கிறது.

அவர் முதலில் கணக்கெடுத்தது ஒரு வீவக சமையலறையில் ஏற்கெனவே பயமுறுத்தக் கூடியவை எவை என்று. 1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் பாதுகாப்பு அறை ஒன்று உண்டு. கனத்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்வது. போருக்காகக் கட்டிய அறையில் நாம் அரிசி மூட்டையும் வெங்காயமும் தீபாவளி முறுக்கு டின்னும் வைத்திருக்கிறோம். பழைய வீடுகளில் சமையலறைச் சுவரிலேயே குப்பைக் குழாயின் வாய் இருக்கும். அதைத் திறந்தால் மற்ற மாடிகளின் சத்தம் கேட்கும். அப்புறம் கோலிக்குண்டுச் சத்தம். இரவில் மேல்மாடியில் யாரோ கோலிகளைக் கொட்டி உருட்டுவது போன்ற சத்தத்தைக் கேட்காத வீவக வாசி அரிது. குழாய்களில் நீரழுத்தம் மாறுவதும் கான்கிரீட் சுருங்கி விரிவதும் காரணம் என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் தெரிந்தவர்களும் ஒரு முறை மேலே பார்க்கத்தான் செய்கிறார்கள்.

இரண்டாம் வடிவில் குடும்பம் வீடு மாறி வருகிறது. மாறுகிற அலைச்சலில் அந்த ஆண்டு படையல் போட மறந்துவிடுகிறார்கள். இறந்துபோன அத்தை ஒருத்தி, கல்யாணம் ஆகாமல் இந்தக் குடும்பத்துக்கே சமைத்துப்போட்டுச் செத்தவள். பாம் ஷெல்டரில் அரிசி மட்டம் குறைகிறது. காலையில் ஒரு எவர்சில்வர் தட்டு மட்டும் ஈரமாக இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் கடுகு தாளிக்கும் வாசம், யாரும் எழுந்திருக்கவில்லை. பேத்தியின் விரல் நுனியில் ஒரு சிவப்பு, கழுவினாலும் போகவில்லை. அந்தச் சிவப்பு எந்த உணவு நிலையத்திலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

அதே மூவருக்கு மறுபடியும் கொடுத்தோம். மாணவி இரவில் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகவில்லை என்று சொன்னார். தமிழாசிரியர் ஒன்றும் சொல்லாமல், தம் அண்ணிக்குப் படையல் வைத்து எத்தனை வருடம் ஆகிறது என்று மனைவியிடம் கேட்டாராம். மாமியாருக்கு அக்கா தினமும் ஓர் அத்தியாயம் வாய்விட்டு வாசித்தார். அந்தம்மா செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். பிரிட்டிஷ்காரர்கள் இருந்த காலத்தில் தமிழர்களும் மலையாளிகளும் நிறையப் பேர் அங்கே வேலை செய்தார்கள். பாதியில் நிறுத்தச் சொல்லி, "அவளுக்குச் சோறு வச்சிட்டு மேல படி" என்றாராம். ஒரு திகில் நாவலுக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் எனக்குத் தெரியவில்லை.

நானும் அக்காவும் முட்டிக்கொண்டது கடைசி அத்தியாயத்தில். குடும்பம் படையல் போட்டு, எல்லாம் அடங்கி, அத்தையின் கதை முழுக்க விளக்கப்படுகிறது. அந்த அத்தியாயமே வேண்டாம் என்றேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தாளிப்பு வாசத்துக்கு முந்தைய வரியிலேயே நாவல் முடிந்துவிட்டது. அக்கா ஒப்பவில்லை. சமைத்துச் சமைத்தே செத்தவளை யாரும் ஒரு வாய் சாப்பிடச் சொல்லாமல் புத்தகத்தை மூட முடியாது என்றார். வாசகரைப் பயமுறுத்துவதைவிட அத்தைக்குச் சோறு போடுவது அவருக்கு முக்கியமாகப்பட்டது. நாவல் அந்த அத்தியாயத்தோடுதான் வந்தது.

அச்சான பிரதிகள் சில நூறுதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் இங்கே 2.5 விழுக்காடு, பத்தாண்டுக்கு முன் 3.3. இந்த அளவில் விற்பனையைப் பேசிப் பயனில்லை. ஆனால் திகில் கதை கேட்டு வரும் இளையர்கள் தமிழ் வாசிக்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். நம் பள்ளிகளும் நூலக வாசகர் வட்டங்களும் இந்த வகையைக் கொஞ்சம் மதித்து நடத்தினால் நல்லது.

எழுதும் நேரம்

சுருக்கமாகச் சொன்னால், அக்கா பகலில் எழுதுகிறார். இரவு வேலைக்குப் போய்விடுவதால் வேறு வழியில்லை. வெயில் அடிக்கும் பிற்பகலில், நார்த்பாயிண்ட் கடைத்தொகுதிக்குள் இருக்கும் ஈசூன் பொது நூலகத்தில், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில். கணக்குப் புத்தகம் போன்ற நீளமான நோட்டில் பேனாவால் எழுதி, வீட்டில் மகன் மடிக்கணினியில் தட்டச்சு செய்கிறார். விடுமுறை நாட்களில் எழுதுவதில்லை, சமைப்பதும் தூங்குவதும்தான். பயக் காட்சி எழுதும் நாளில் வெறும் வயிற்றோடு உட்கார மாட்டார். பசியோடு எழுதினால் கதாபாத்திரங்களுக்கு அவசரம் வந்துவிடுகிறது என்பது அவர் அனுபவம்.

அடுத்தவை

இப்போது கையில் இருப்பது பிடாடாரி நாவல். 1907இல் திறந்த இடுகாடு அது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பெரிய பகுதிகள், இந்துக்களுக்கும் ஓர் இடம். 1972இல் புதைப்பதை நிறுத்தினார்கள். 2001க்கும் 2006க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இன்று அங்கே வீவக புளோக்குகளும் பூங்காவும் இருக்கின்றன. அருகிலுள்ள உட்லே பெருவிரைவு ரயில் நிலையம் 2003இல் வடகிழக்குப் பாதையோடு கட்டி முடிக்கப்பட்டும், சுற்றிலும் ஆள் இல்லாததால் 2011 வரை மூடியே கிடந்தது. விளக்கு எரியாத ஒரு நிலையத்தை ரயில்கள் எட்டு ஆண்டு நிற்காமல் கடந்துபோயின. திகில் எழுத்தாளருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் அக்கா அந்த நிலையத்தை ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வைத்திருக்கிறார். கல்லறை மீது கட்டிய வீட்டில் பேய் என்பது எல்லாரும் எழுதக் கூடியது, பழைய இடுகாட்டின் மேல் எழுந்த பீஷானைப் பற்றி நாம் சின்ன வயதிலிருந்து கேட்டது என்கிறார். அவர் கேட்கும் கேள்வி வேறு. இந்தத் தீவில் நிலம் போதாது. 1998இலிருந்து சுவா சூ காங்கில் புதைத்தாலும் பதினைந்து ஆண்டுதான், அதன் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது யாரும் உரிமை கோரி வராதவர்கள் என்ன ஆனார்கள்? உறவினர் வந்தவருக்குப் படையல் தொடர்கிறது. வராதவருக்கு யார் சோறு வைப்பது? நாவலில், புது வீட்டுக்குக் குடிவந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பாட்டி தினமும் ஒரு கவளம் அதிகமாக வடிக்கிறாள். யாருக்கு என்று சொல்வதில்லை. ஒருநாள் அவள் மருத்துவமனைக்குப் போய்விடுகிறாள். வீட்டில் அந்தக் கவளத்தை யாரும் வடிக்கவில்லை. இதுவரை எழுதியது இவ்வளவுதான், எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது, ரயில்பாதை பற்றிய ஒரு குறுநாவல். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி மலாயா ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்த இந்திய ரயில் தொழிலாளர்கள் 1930களில் குவீன்ஸ்டவுன் பக்கம் முனீஸ்வரனுக்கு வைத்த கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. ரயில் நின்ற பிறகு காவல் தெய்வம் எதைக் காவல் காக்கும் என்பதுதான் கதை. இதற்கு அவர் இன்னும் தகவல் சேகரிக்கிறார். ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தவர்கள் முனிக்கு என்ன படைத்தார்கள், சுருட்டா, சாராயமா, கோழியா, யார் வீட்டில் சமைத்தார்கள் என்று அந்தக் காலத்து ஆட்களைத் தேடிப் போய்க் கேட்கிறார்.

இவற்றுக்கு நடுவில் மாமியார் சொன்ன கடற்படைத்தளக் கதைகளைக் குரலில் பதிவு செய்து வருகிறார். அது புத்தகமாகுமா என்று முடிவாகவில்லை. என்னைக் கேட்டால் குரலாகவே விடலாம். அந்தம்மா கதையை நிறுத்தி இருமும் இடங்களை எழுத்தில் கொண்டுவர முடியாது.

பிடாடாரி நாவலின் முதல் வடிவு இந்தத் தீபாவளிக்குள் முடியும் என்கிறார் அக்கா. முடிந்ததும் வழக்கம்போல மாமியாருக்கு முதலில் வாசித்துக் காட்டுவார். கடைசி அத்தியாயத்தைப் பற்றிய எங்கள் வழக்கு இப்போதே தொடங்கிவிட்டது: அந்தக் கவளத்தை வீட்டில் யாராவது மறுபடியும் வடிக்க வேண்டும் என்கிறார் அவர், கூடாது என்கிறேன் நான்.